அம்சவள்ளியின் வலது கை

அம்சவள்ளிக்கு வாய் நீளம் என்று பாறையேரியில் சொல்வார்கள். வாய் பாதிதான். மீதிப் பேச்சை வலது கை பேசும். வேண்டாம் என்பதை மணிக்கட்டின் ஒரு திருப்பில் சொல்லிவிடுவாள். 'போடா கழுதை' என்பதற்கு இரண்டு விரல் போதும்.

அவள் பிறந்தது களமருதூர்ப் பக்கம், நெல் வயல்கார வீட்டில். நடவுக்கு இறங்கினால் அவள் வரிசை முன்னால் போய்விடும். பின்தங்கியவர்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னா, தூக்கம் வருதா?" என்பாள். கட்டிக்கொடுத்தது கல்வராயன் மலையடிக்கு; கோமுகி அணைக்குக் கீழே, மரவள்ளியும் கரும்பும் விளையும் பாறையேரிக்கு. புருஷன் பூமாலை வாயில்லாத மனுஷன். "எனக்குஞ் சேத்து நீயே பேசிடு" என்று எல்லாப் பேச்சையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயதில் மாரடைப்பில் போய்விட்டார்.

அதன் பிறகு அவள் டிவிஎஸ் ஃபிஃப்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். அந்த ஊரில் அப்போது பெண்கள் யாரும் வண்டி ஓட்டவில்லை. மரவள்ளிக் குச்சியைக் கட்டுக்கட்டாகப் பின்னால் ஏற்றி, கொண்டையூசி வளைவுகளில் மலைமேல் போய் அங்குள்ள குடியானவர்களுக்கு நடக் கொடுப்பாள். திரும்பும்போது சாமையோ புளியோ கொண்டு வருவாள். ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு எடை போடும்போது தராசு மேடையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலால் நைசாகத் தூக்கிய தரகனை ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தாள். பிடித்தது அவன் காலை. குனிந்து கணுக்காலைப் பற்றி இழுத்ததில் ஆள் கிழங்கு மூட்டைமேல் மல்லாந்தான். "கால் சுளுக்கிக்கிச்சா, உருவி வுட்டேன்" என்றாளாம். ஆலையில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தக் கைதான் மகள் எழில்மதியைப் படிக்க வைத்தது. மகன் சுபாஷையும் படிக்க வைக்கப் பார்த்தது. அவன் நிலத்தோடு நின்றுகொண்டான். தம்பிக்கு ரம்யாவைக் கட்டி வைத்துவிட்டு அக்கா ஜப்பான் போனாள்.

கொரோனா வருஷத்தில் அம்சவள்ளியின் வலது மார்பில் கட்டி வந்தது. விமானம் ஓடாத காலம். சுபாஷ்தான் நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நிணநீர் நெறிகளை எடுத்தார்கள், பிறகு கதிர் வைத்தார்கள். ஊரில் அதற்குக் கரண்டு வைப்பது என்று பெயர். அம்சவள்ளி பிழைத்தாள். ஊரெல்லாம் கும்பிட்டது. எழில்மதியும் அந்த ஆஸ்பத்திரியை மனதில் கும்பிட்டாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பு எரிகிறது.

மூன்று வருடம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரலில் மதமதப்பு. பிறகு ஆள்காட்டி விரல். ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை. டம்ளர் நழுவியது. வண்டியின் பிரேக்கைப் பிடித்தால் பிடித்தோமா இல்லையா என்று தெரியவில்லை. ஒருநாள் மலை வளைவில் மைல்கல்லில் மோதி நின்றாள். வண்டியை விற்றாள். செக்கப்புக்குப் போனபோது சொன்னதற்கு, "வயசாச்சும்மா, வைட்டமின் எழுதித் தரேன்" என்றார்கள். வீடியோ காலில் மகளிடம் எதையும் சொல்லவில்லை. இடது கையில் போனைப் பிடித்து, வலது கையைப் படத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு, மழை பெய்ததையும் பன்றி கிழங்கைத் தோண்டியதையும் பேசினாள்.

இந்த ஆடியில் எழில்மதி விடுப்பில் வந்தாள். வந்த அன்று காலை அடுப்படிக்குப் போனவள் வாசலிலேயே நின்றாள். அம்மா பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் இடுக்கி. வலது உள்ளங்கையைப் பாத்திரத்தின் அடியில் வெறுமனே முட்டுக்கொடுத்திருந்தாள்.

"எம்மா. கை."

"இன்னா கை?"

"சுடலயா?"

"சுட்டா தெரியாதா? பால் ஆறியிருக்கும்."

பால் ஆறவில்லை. நுரை இன்னும் அடங்கியிருக்கவில்லை. எழில்மதி பாத்திரத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பினாள். பழைய கொப்புளம், அதன்மேல் புதியது, ஓரத்தில் காய்ந்து கறுத்த ஒரு வட்டம். முழங்கை வரை வீங்கியிருந்தது. தன் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி, அம்மாவை முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லி, விரல் விரலாகக் குத்தினாள்.

"குத்திட்டியா, இனிமேதான் குத்தப் போறியா?" என்றாள் அம்சவள்ளி சுவரைப் பார்த்துக்கொண்டு.

சுண்டுவிரலில் மட்டும் "ஸ்" என்றாள்.

குளிக்கும்போது எழில்மதி கூடப் போனாள். அம்மா வெட்கப்பட்டாள்; விடவில்லை. வலது காரை எலும்புக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. சுற்றியுள்ள தோல் மங்கிய நிறம். பட்டை மட்டும் கருகிச் சுருங்கி, சிவப்பு நூல் போல ரத்தக்குழாய்கள் படர்ந்திருந்தன. அவளுக்கு எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை. கதிர் விழும் கட்டத்துக்குக் கதிர்ப்புலம் என்று பெயர்; மார்புக்கு ஒன்று, கழுத்தடிக்கு ஒன்று. இரண்டும் ஒரு கோட்டில் முட்டி நிற்க வேண்டும். நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. ஏறிய இடத்துக்கு இரண்டு பங்கு. அந்தத் தோலுக்குக் கீழே கைக்குப் போகிற நரம்புகள் எல்லாம் ஒரு கட்டாகப் போகின்றன.

"கரண்டு வெக்கும்போது கையத் தூக்கிக்கினு அசையாம படுத்திருந்தியா?"

"எங்கடி தூக்கறது? அறுத்த எடம் இழுக்கும். ஒரு நாளு தலகாணி குடுப்பாங்க, ஒரு நாளு குடுக்க மாட்டாங்க. 'சீக்கிரம் படும்மா, வெளிய ஆளு நிக்குது'ம்பான் அந்தப் பையன்."

எழில்மதி துண்டைப் பிழிந்தாள். வெகுநேரம் பிழிந்தாள்.

அவள் வேலையே இதுதான். ஜப்பானில் அவள் ஆய்வகத்தில் கார்பன் அணுவின் எலக்ட்ரான்களை உரித்து, ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் முடுக்கி, உடம்புக்குள் அனுப்புகிறார்கள். எக்ஸ்-கதிர் போல அது வழிநெடுகச் சிந்திக்கொண்டு போகாது. நுழையும்போது கொஞ்சம் கொடுத்து, நிற்கும் இடத்தில் மிச்சத்தை எல்லாம் இறக்கும். நிற்கும் இடம் கட்டியாக இருந்தால் கட்டி சாகும். பக்கத்தில் நல்ல நரம்பு ஓடினால் என்ன ஆகும் என்பதுதான் அவள் கேள்வி. கனமான அந்தத் துகள் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையின் இரண்டு புரிகளையும் பல இடத்தில் நெருக்கமாக அறுத்துவிடும். செல்லால் ஒட்டுப்போட முடியாது. ஆனாலும் நரம்பு அன்றே சாகாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைச் செல்கள் ஒவ்வொன்றாக விழும். மெல்லிய ரத்தக்குழாய்கள் அடைபடும். சுற்றிலும் தழும்பு இறுகி நெரிக்கும். மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். சாதாரண எக்ஸ்-கதிர் நரம்புக்குச் செய்வதும் இதே வேலைதான். அதற்கு அளவு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அம்சவள்ளிக்குக் கூடுதலாகக் கிடைத்திருந்தது.

இதையெல்லாம் அம்சவள்ளி ஊரில் ஒரே வரியில் சொல்லிவைத்திருந்தாள்: "எம்பொண்ணு எலிக்குக் கரண்டு வெக்கறா."

"செரியாப் போவாதா?" என்று இப்போது கேட்டாள்.

"போவாதும்மா."

"மருந்து?"

"இல்ல."

"உங்க ஜப்பான்ல?"

"அங்கயும் இல்ல."

"எலிக்கு?"

"எலிக்கும் இல்ல."

அம்சவள்ளி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டாள். "அப்ப இத்தினி வருசமா நீ இன்னாடி படிக்கற?" என்றாள். கேலிதான். எழில்மதிக்குச் சிரிக்க வரவில்லை.

அன்று மாலை ஆதிமூலம் வந்தார். பூமாலையின் பெரியப்பா மகன். அம்மன் கோயில் பூசை அவர் குடும்பத்துக்கு. நல்லவர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் எழில்மதி முதல் நாளே கதவைச் சாத்தியிருப்பாள்.

பாறையேரி அம்மனுக்கு ஆடியில் ஒரு வழக்கம். காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் கொதிக்கும் எண்ணெயில் வெறுங்கையை விட்டு வடை எடுப்பார்கள். விரதம் சுத்தமாக இருந்தால் கை வேகாது என்பது நம்பிக்கை. எடுத்த வடையைப் பிள்ளையில்லாத பெண் மடியில் வாங்கித் தின்றால் வயிறு திறக்கும். சின்ன வயதிலிருந்து எழில்மதி பார்த்ததுதான். கண்ணிமைக்கும் நேரத்தில் கை உள்ளே போய் வெளியே வந்துவிடும். மாவு தோய்ந்த ஈரக் கை. எப்போதாவது ஒருவருக்கு ஒன்றிரண்டு கொப்புளம் போடும். அதற்கும் ஊரில் காரணம் இருக்கும்: விரதத்தில் குறை.

ஆதிமூலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்தார். "ஒங்கம்மா சமாச்சாரம் தெரியுமா பாப்பா? நம்ம பங்காளி வூட்டுக் கல்யாணத்துல சோத்துக் குண்டான வெறுங்கையால தாங்கி எறக்கினா. மொகத்துல ஒரு சுளிப்பு இல்ல. நான் கண்ணால பாத்தேன். ஆத்தா அந்தக் கைய எடுத்துக்கிட்டா. இந்த வருசம் வடை எடுக்க அவதான்."

"பெரியப்பா, அந்தக் கையில உணர்ச்சி இல்ல. நரம்பு செத்துப்போச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"அருள் இல்ல பெரியப்பா. ஆஸ்பத்திரியில பண்ண தப்பு."

"தப்பாவே இருக்கட்டும். அத அவங்க கையால பண்ண வெச்சது யாரு? ஆத்தாதான?" என்றார் ஆதிமூலம், வெகு பொறுமையாக.

எழில்மதி அம்மாவைப் பார்த்தாள். சாமியாடுகிறவர்களைக் கண்டால், "தண்ணி தெளிங்க, வெயில் ஒத்துக்கல" என்று சொல்கிறவள் அம்மா. தன் பக்கம் நிற்பாள் என்று எழில்மதி நம்பியிருந்தாள். அம்சவள்ளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை நிலைப்படியில் ரம்யா நின்றாள்.

ஆதிமூலம் போன பிறகுதான் சண்டை.

"ஒனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

"கத்தாத. ரம்யாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

"பஸ்ல ஒருத்தி ரம்யாகிட்ட கொழந்தயத் தூக்கிக் குடுக்கறா, இன்னொருத்தி வேணாங்கறா. புள்ள இல்லாதவ கையில குடுக்காதன்னு என் காதுபட சொல்றா. டாக்டருங்க பாத்தாச்சு. ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்லன்றாங்க. வேற இன்னாதான் பண்றது? நான் களை எடுக்கறதில்ல, குச்சி நடறதில்ல, வண்டி ஓட்டறதில்ல. சும்மா தொங்கிக்கினு இருக்குது இந்தக் கை. ஒண்ணுத்துக்காவது ஆவட்டும்."

"அது வேகும்மா. வலிக்காது, ஆனா வேகும். உணர்ச்சி இல்லாத தோலும் தோலுதான்."

"மத்தவங்களுக்கு வேகலயே."

"அவங்களுக்குச் சுடும். சுடுறதால வெடுக்குன்னு எடுத்துடறாங்க. நெனச்சா எடுக்கறாங்க? கை தானா ஓடியாந்துடும். ஒன் கை ஓடியாராது. வெரலு மடங்கவே மாட்டேங்குது. வடையப் புடிக்கவே ஒனக்கு நேரம் புடிக்கும்."

அம்சவள்ளி யோசித்தாள். யோசிப்பது முகத்தில் தெரிந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "செரி வுடு. வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள்.

"சத்தியமா?"

"இதுக்கு வேற சத்தியமா? போடி."

மறுநாள் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். ஆதிமூலம் வருத்தப்பட்டாராம், வேறு ஆள் பார்க்கிறாராம். எழில்மதி நம்பினாள். தன்னிடம் அம்மா பொய் சொன்னதில்லை. கையைப் பற்றிச் சொல்லாமல் இருந்தது பொய்யில் சேராது என்று அப்போது ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

கதிர் வைத்த டாக்டரைப் பார்க்க, வடை எடுக்கிற அதே ஆடி வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. அம்மாவையும் கூப்பிட்டாள். "ஊருக்குக் காப்புக் கட்டியிருக்குது, எல்லை தாண்டக் கூடாது. நீ போய்ட்டு வா" என்றாள் அம்சவள்ளி. "சண்டை போடாத. அவுருதான என்னைக் காப்பாத்துனாரு." கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு ஷேர் ஆட்டோ வரும்வரை கூடவே வந்து நின்றாள்.

டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று தெரிந்ததும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறினார். அவள் தமிழிலேயே பேசினாள்.

"ரெண்டு புலம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கு. தோல்லயே தெரியுது."

"கொரோனா நேரம்மா. பாதி ஸ்டாஃப் கிடையாது. நாங்க மிஷினை நிறுத்தாம ஓட்டினதே பெரிசு."

"நான் அதக் கேக்கல."

"அஞ்சு வருஷம் ஆச்சு. உயிரோட இருக்காங்கல்ல? எங்க கணக்குல அது வெற்றி."

"கை போச்சு."

"எத்தனையோ பேர்ல ஒருத்தருக்கு வரும். ரிஸ்க் சொல்லித்தான் கையெழுத்து வாங்கறோம்."

"செரி. வந்துருச்சு. அம்மா ஒவ்வொரு செக்கப்புக்கும் வந்து விரல் மரத்துப்போகுதுன்னு சொன்னாங்க. அடுப்புகிட்ட ஜாக்கிரதையா இரு, சுட்டாத் தெரியாதுன்னு யாராவது ஒருத்தர் சொன்னீங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது காமன் சென்ஸ்" என்றார்.

எழில்மதி எழுந்தாள். மேசைமேல் ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது, காகிதம் பறக்காமல் இருக்க. அதை எடுத்து எறியவில்லை. எறியாததற்காக இன்றுவரை யாரும் அவளைப் பாராட்டவும் இல்லை.

திரும்பி வரும்போது ஊர் முகப்பிலேயே ஒலிபெருக்கி கேட்டது. பொழுது சாயும் நேரம். வீட்டில் அம்சவள்ளி பாயில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, வாழை இலை சுற்றியிருந்தது. இடது மணிக்கட்டில் காப்புக் கயிறு. மகளைக் கண்டதும் இலை சுற்றிய கையைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

"வலிக்கலடி. சும்மா இரு" என்றாள்.

நடந்ததை எழில்மதி ரம்யாவிடமிருந்துதான் தெரிந்துகொண்டாள், கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸில். முதலில் இறங்கியவர்கள் எல்லாரும் படக் படக்கென்று எடுத்துவிட்டார்கள். அத்தை கடைசி. கையை விட்டார். வடை விரலில் நிற்கவில்லை. நழுவி அடிக்குப் போனது. அத்தை அதைத் தேடினார். கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரி. முகத்தில் ஒன்றுமே இல்லை. கூட்டம் 'ஆத்தா, ஆத்தா' என்றது. ஆதிமூலம் மாமா அழுதுவிட்டார். பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார்.

"எனக்கு மட்டும் நாத்தம் வந்துச்சு அண்ணி. வடை நாத்தம் இல்ல அது." ரம்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்பறம் என் மடியில போட்டாங்க. துன்னுன்னாங்க. துன்னேன்."

ஆஸ்பத்திரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புண்ணைச் சுத்தம் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், சின்ன வயது சர்ஜன் ஒருவர் ஒரு நாளில் நான்கு தடவை வந்து பார்த்தார். ஆனால் நெறி எடுத்த கை அது. கதிர் பட்ட கை. கிருமி நுழைந்தால் தடுக்க அந்தக் கையில் ஆளில்லை. வீக்கம் தோள்வரை ஏறியது. தோல் பளபளத்தது. காய்ச்சலில் அம்சவள்ளி உளறினாள். தெளிந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரியை வம்புக்கு இழுத்தாள்.

எழில்மதி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆய்வகத்தில் எலிகளின் உணர்ச்சியைச் சோதிக்க ஒரு சூட்டுத் தகடு இருக்கிறது. எலியை அதன்மேல் விடுவார்கள். நல்ல நரம்பு இருந்தால் பாதத்தைத் தூக்கிக்கொள்ளும். கதிர் பட்ட நரம்பு என்றால் தூக்காது, சும்மா நிற்கும். அப்படி நின்றால் குறித்த நேரத்தில் கருவி தானாக அணைந்துவிடும். பாதம் வெந்துவிடக் கூடாது. அப்படி அணையாத கருவிக்கு அனுமதியே கிடையாது. அதற்கென்று ஒரு குழு உட்கார்ந்து விதி எழுதியிருக்கிறது. எலிக்கு.

கையை எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்றார் சர்ஜன். அம்சவள்ளியிடம் எப்படிச் சொல்வது என்று சுபாஷ் சுவரில் சாய்ந்து அழுதான். எழில்மதி போய்ச் சொன்னாள்.

"எடுத்துடச் சொல்லு. வெச்சிக்கினு இன்னா பண்றது" என்றாள் அம்சவள்ளி. பிறகு ரம்யாவைக் கூப்பிட்டாள். "ஏம்மா, வடையில உப்பு கம்மியா? நான் விரதம், ருசி பாக்கல."

"செரியா இருந்துச்சு அத்தை."

"அந்த மட்டும் தேவல."

கையை எடுத்தார்கள். கிருமி அதற்குள் ரத்தத்தில் போயிருந்தது. அடுத்த நாள் மதியம் அவள் இறந்தாள். மலையில் மழை, கோமுகியில் தண்ணீர் திறந்திருந்தார்கள், ஊருக்குள் வரும் தரைப்பாலம் மூழ்கியிருந்ததால் பிணத்தைச் சுற்றுவழியில் கொண்டுவர வேண்டியிருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் எழில்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னார்கள். "வலி தெரியாம போய்ச் சேந்தா. புண்ணியவதி." அவள் ஒவ்வொரு தடவையும் கையை உருவிக்கொண்டாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வலி தெரிந்திருந்தால் அந்தக் கை எண்ணெயில் ஒரு நொடிகூட நின்றிருக்காது. இதைப் பத்துப் பேரிடமாவது சொன்னாள். தலையாட்டிவிட்டு, படித்த பெண், துக்கத்தில் பேசுகிறாள் என்று நகர்ந்தார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'அம்மன் அருள் பெற்ற' என்று அம்மாவின் பெயருக்கு முன்னால் போட்டிருந்தது. அவள் அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். பாதி ஃப்ளெக்ஸ் சாக்கடையில் விழுந்து கிடந்தது. யாரும் எடுக்கத் துணியவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் ஆதிமூலம் வந்தார். கூடக் கோயில்காரர்கள் இரண்டு பேர். ரம்யா காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. ஆதிமூலம் இளைத்திருந்தார். தூக்கமில்லாத கண்.

"பாப்பா, நீ என்னைத் திட்டு. நான் வாங்கிக்கறேன். அவ என் தம்பி பொண்டாட்டி. ஆனா ஊருல பேசிக்கறாங்க. ஆத்தா சும்மா கைய வேக வெக்க மாட்டா. எதுவோ கொறை நடந்துருக்குது." அவர் நிலைப்படியில் நின்ற ரம்யாவைப் பார்த்தார். "வூட்டுல தீட்டு இருந்துருக்குது. சொல்லாம மறைச்சிருக்காங்க. பெரியவ உசுர வெச்சுக் கழுவிட்டுப் போய்ட்டா."

சுபாஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தலை குனிந்ததைப் பார்த்ததும் எழில்மதிக்கு ரத்தம் கொதித்தது.

"தலையத் தூக்குடா" என்றாள்.

"அக்கா, வுடுக்கா..."

"தூக்குடா. ஒன் பொண்டாட்டியச் சொல்றாங்க."

கூட வந்தவரில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "யாரையும் கொறை சொல்ல வரல. பரிகாரம் பண்ணிட்டா முடிஞ்சுது. அடுத்த ஆடிக்கு மருமவ காப்புக் கட்டி எறங்கட்டும். அவ கையாலயே எடுத்து அவளே சாப்புடட்டும். எல்லாக் கொறையும் தீந்துடும்."

எழில்மதி பேசினாள். முதலிலிருந்து பேசினாள். காரை எலும்புக்குக் கீழே இருந்த பட்டையை, கைக்குப் போகிற நரம்புக் கட்டை, உறை உதிர்வதை, தழும்பு நெரிப்பதை. இரண்டு வருடம் விரல் விரலாகச் சொல்லியும் வைட்டமின் எழுதிக் கொடுத்ததை. மற்றவர்கள் கை பிழைப்பது சுடுவதால்தான் என்பதை. தீட்டு ஒரு மயிரும் செய்யவில்லை என்பதையும் அதே வார்த்தையில் சொன்னாள். கோயில்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

ஆதிமூலம் எழவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நீ சொல்றது செரியாத்தான் இருக்கும் பாப்பா" என்றார் கடைசியில். "செரியாவே இருந்தா, அந்தக் கைய உள்ள வுடச் சொன்னது நானு. அத வெச்சிக்கினு நான் எப்படிப் பூசை பண்றது? அதுக்குத்தான் வேற காரணம் தேடறாங்க ஊருல. எனக்காகத் தேடறாங்க."

எழில்மதிக்கு அவர்மேல் இரக்கம் வர இருந்தது. வர விடவில்லை. "பண்ணாதீங்க" என்றாள். "அந்தச் சட்டியத் தூக்கிக் கெணத்துல போடுங்க."

"ஊரு ஒத்துக்காது."

"அப்ப ஊரே எறங்கட்டும். ரம்யா எறங்க மாட்டா."

"அத அந்தப் பொண்ணு சொல்லட்டும்" என்றார் நின்றுகொண்டிருந்தவர். "மூணு பேருக்கு நீயே பேசற. இங்க குடும்பம் நடத்தப் போறது அவதான். நீ பிளேன் ஏறிப் போய்டுவ."

எல்லாரும் ரம்யாவைப் பார்த்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஆண்கள் அவள் குரலைக் கேட்டதில்லை. காப்பி வைக்கும்போது வளையல் சத்தம் கேட்டிருப்பார்கள். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் எறங்க மாட்டேன் மாமா" என்றாள் ஆதிமூலத்திடம். "எனக்கு வலிக்கும்."

"வலிக்காதும்மா, விரதம் சுத்தமா..."

"வலிக்கும். அத்தைக்குத்தான் வலிக்கல. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். துன்னதும் நானு." அவள் நிலைப்படியிலிருந்து கையை எடுத்தாள். "அப்பறம் தீட்டுன்னு சொன்னீங்களே. அன்னிக்கு இல்ல. நாளு தள்ளிப் போவுதான்னு மாசாமாசம் எண்ணிக்கினு இருக்கறவ நானு, எனக்குத் தெரியாதா? இனிமே இந்தப் பேச்சு எடுத்துக்கினு வந்தா காப்பி கூட வெக்க மாட்டேன்."

சுபாஷ் அப்போதுதான் தலையைத் தூக்கினான். ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டும்போது நிலையில் தலை இடித்துக்கொண்டார். கையால் தேய்த்துக்கொண்டே போனார். மற்ற இருவரும் அவருக்கு முன்னால் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள்.

எழில்மதி அவர்கள் முனை திரும்பும்வரை பார்த்தாள். கோபம் குறையவில்லை. டாக்டரிடம் மறுபடி போக வேண்டும். இந்த முறை வக்கீலோடு. ரம்யா தொடாத டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாளைக் காரியத்துக்குப் புடைத்து வைக்க அரிசி இருந்தது.